முதல் எழுத்து வரும் வரை

முதல் ஐந்து போர்டுகள் ஒரு பிஸ்கட் டப்பா அளவு அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தன. மூன்று மாதமாக நாங்கள் எழுதி வைத்திருந்த பூட் கோடு, அதாவது போர்டை எழுப்பும் நிரல், அதுவரை லேப்டாப்பில் மட்டுமே ஓடியிருந்தது. பவர் கொடுத்தோம். 3.3 வோல்ட் சரி, 1.8 சரி, கோர் வோல்டேஜும் சரி. சீரியல் கேபிளை மாட்டிவிட்டு நாலு பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கால் மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது, எங்கள் ஸ்கீமாட்டிக்கிலேயே அனுப்பும் ஒயரான டிஎக்ஸும் வாங்கும் ஒயரான ஆர்எக்ஸும் இடம் மாறியிருக்கின்றன என்று. ஜம்பர் ஒயரை மாற்றிக் குத்தியதும் திரை நிறையக் குப்பை எழுத்துகள் வந்தன. அந்தக் குப்பையைப் பார்த்து அன்று நாங்கள் பட்ட சந்தோஷம், பிறகு லினக்ஸ் பிராம்ப்ட் வந்தபோதுகூட இல்லை.

நாங்கள் செய்ய நினைத்தது பொறியியல் கல்லூரி லேப்களுக்கான ஒரு ரிஸ்க்-ஃபைவ் போர்டு. (ரிஸ்க்-ஃபைவ் என்பது யாரும் பயன்படுத்தக்கூடிய, திறந்த புராசஸர் கட்டளைத் தொகுப்பு.) சிப்பில் லினக்ஸ் ஓட்டக்கூடிய நான்கு 64-பிட் கோர்கள், கூடவே ஒரு சின்னக் கண்காணிப்புக் கோர். வெளியே டிடிஆர் என்ற முக்கிய மெமரி, 16 எம்பி எஸ்பிஐ ஃபிளாஷ், எஸ்டி கார்டு. சிப் யாருடையது என்பதை விட்டுவிடுகிறேன். சொன்னால் இது அவர்களைப் பற்றிய கதையாகிவிடும். போர்டைப் பற்றி நாங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: பவர் பட்டனில் இருந்து லினக்ஸ் வரை எல்லா மூலநிரலையும் மாணவர் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைத் திரும்ப ஏற்றலாம். இதில் கடைசியில் உள்ள ‘திரும்ப ஏற்றலாம்’தான் எங்களைப் படாதபாடு படுத்தியது.

நான் ரிஸ்க்-ஃபைவை முதலில் தொட்டது ஐஐடி மெட்ராஸின் சக்தி புராசஸர் வழியாக, ஒரு ஆர்ட்டி ஏ7 எஃப்பிஜிஏ போர்டில். எஃப்பிஜிஏ என்றால் உள் சுற்றையே மாற்றி எழுதக்கூடிய சிப். அங்கே முதலில் ஓடும் நிரலான பூட் ரோமே நம் கையில் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் மாற்றி எழுதி மறுபடி சிந்தஸிஸ் ஓட்டிக்கொள்ளலாம். வார்த்து முடித்த சிப்பில் அது நடக்காது. சிப்போடு சேர்த்தே வார்த்த பூட் ரோமான மாஸ்க் ரோம் கல்வெட்டு மாதிரி. அதில் தப்பு இருந்தாலும் அதோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும்.

பூட் வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரீசெட் விட்டதும் மாஸ்க் ரோம் ஓடும். பூட் பின்களைப் பார்த்து, ஃபிளாஷிலோ எஸ்டி கார்டிலோ இருக்கும் யு-பூட் எஸ்பிஎல் என்ற சின்ன நிரலைச் சிப்புக்குள் இருக்கும் எஸ்ரேம் என்ற சின்ன மெமரியில் ஏற்றும். எங்களுக்குக் கிடைத்த இடம் 256 கேபி. எஸ்பிஎல் டிடிஆரை எழுப்பும். அதன் பிறகுதான் பெரிய நிரல்களை வைக்க இடமே கிடைக்கும். அப்புறம் ஓபன்எஸ்பிஐ. இது மெஷின் மோடு என்ற உச்ச அதிகாரத்தில் உட்கார்ந்துகொண்டு, டைமர் வை, இன்னொரு கோரை எழுப்பு, போர்டை ரீசெட் செய் என்று கீழே இருப்பவர்கள் கேட்பதைச் செய்துகொடுக்கும். ஒரு காலத்தில் இந்த இடத்தில் பெர்க்லி பூட் லோடர் இருந்தது. 2019 வாக்கில் இருந்து ஓபன்எஸ்பிஐதான். அதற்குக் கீழே சூப்பர்வைசர் மோடில், லினக்ஸை ஏற்றித் தொடங்கிவிடும் முழு யு-பூட், கடைசியாக லினக்ஸ்.

கட்டட வேலையில் வரிசையாக நின்று செங்கல்லைக் கைக்குக் கை மாற்றிவிடுவார்களே, அதுதான் இது. கல் யார் கையிலும் உடையாது. ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவில்தான் விழும். எங்களுக்கு வந்த பக்குகள், அதாவது பிழைகள், ஏறக்குறைய எல்லாமே அப்படி நடுவில் விழுந்தவை.

முதலில் அந்தக் குப்பை எழுத்துகள். ஸ்டாக் (ஃபங்ஷன்கள் ஓடத் தேவையான மெமரி இடம்) தயாராவதற்கு முன்பே அசெம்பிளியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எழுத்தை, சீரியலை ஓட்டும் யுஆர்ட்டில் தள்ளும்படி வைத்திருந்தோம். ஏ வந்தால் எஸ்பிஎல் நுழைந்துவிட்டது, பி வந்தால் ஸ்டாக் தயார், இப்படி. பாட் ரேட்டை, அதாவது சீரியலின் வேகத்தை, குறைத்துப் பார்த்ததில் ஏ, பி இரண்டும் ஒழுங்காக வந்தன. சி-யில் இருந்து குப்பை. சி-க்குச் சற்று முன்புதான் பிஎல்எல் என்ற கடிகாரச் சுற்றை முடுக்கிச் சிப்பின் கடிகார வேகத்தை ஏற்றியிருந்தோம். யுஆர்ட், கடிகாரத்தை ஒரு வகு எண்ணால் வகுத்துத்தான் தன் வேகத்தைப் பெறும். அந்த வகு எண் பழைய வேகத்துக்குப் போட்ட கணக்கு. கடிகாரம் ஏறியதும் யுஆர்ட்டின் வேகமும் சேர்ந்து ஏறிவிட்டது. திருத்த இரண்டு வரி போதும். கண்டுபிடிக்க ஒரு நாள் போனது. அதற்குப் பிறகு எங்கள் வழக்கம் இதுதான்: கடிகாரத்தைத் தொடும் எந்த ஃபங்ஷனும், கடைசி எழுத்து யுஆர்ட்டை விட்டு முழுதாக வெளியேறும் வரை காத்திருந்து, வேகத்தை மாற்றி, வகு எண்ணையும் தானே திருத்திவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

இந்த எழுத்து வித்தையில் எங்களுக்கு நம்பிக்கை அதிகமாகிவிட்டது. யு-பூட்டின் நுழைவாயிலிலும் ஒன்றைச் செருகினோம், ஆங்கில ஈ. போர்டு யு-பூட் பிராம்ப்ட் வரை அழகாக வந்தது. லினக்ஸைக் கொடுத்தால் ஆரம்பத்திலேயே பேனிக், மேலே ஓட முடியாமல் நின்றுவிடும். செருகலை எடுத்தால் சரியாக ஓடுகிறது. எங்கள் அணியின் இளையவர், கல்லூரி முடித்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, யு-பூட்டில் போர்டின் விவரங்களைக் காட்டும் பிடிஇன்ஃபோ கட்டளையைக் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “அண்ணா, பூட் ஹார்ட் நம்பரைப் பாருங்க. 45-னு போட்டிருக்கு.” எங்கள் சிப்பில் இருப்பதே ஐந்து ஹார்ட்டுகள். (ஹார்ட் என்றால் இதயம் இல்லை, ஹார்ட்வேர் திரெட். ரிஸ்க்-ஃபைவ் உலகத்தில் புழங்கும் பெயர்.) அந்த 45 ஹெக்ஸ் எண், அதாவது பதினாறின் அடிமானத்தில் எழுதியது, தசமத்தில் 69. கணினி எழுத்துகளுக்குக் கொடுக்கும் ஆஸ்கி எண்களில் ஆங்கில ஈ-யின் எண்ணும் 69.

ரிஸ்க்-ஃபைவ் பூட்டில் ஒரு கட்டம் அடுத்த கட்டத்துக்குக் கொடுக்கும் சீதனம் மிகச் சிறியது. ரெஜிஸ்டர் என்பது கோருக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடம். ஏ0 ரெஜிஸ்டரில் ஹார்ட் எண், ஏ1-இல் டிவைஸ் ட்ரீயின் (போர்டில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல்) முகவரி. சூப்பர்வைசர் மோடில் இருக்கும் யு-பூட்டால் தான் எந்த ஹார்ட்டில் ஓடுகிறோம் என்று தானாகப் பார்க்க முடியாது, ஏ0-வை நம்பித்தான் ஆக வேண்டும். நாங்களோ எழுத்தை அனுப்ப அதே ஏ0-வைப் பயன்படுத்தியிருந்தோம். லினக்ஸ் 69-ஆம் ஹார்ட்டைத் தேடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டது. அன்றைக்கே ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் மாதிரி எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் எந்த ரெஜிஸ்டரில் என்ன இருக்கும், மெமரியின் எந்தப் பகுதி யாருக்குச் சொந்தம், கேஷ் (கோருக்குப் பக்கத்தில் நகல் வைக்கும் வேகமான மெமரி) எந்த நிலையில் இருக்கும் என்று. இந்த வேலையை இன்னொரு முறை தொடங்கினால் நிரலுக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் எழுதுவேன்.

ஓபன்எஸ்பிஐயை எப்படிக் கட்டுவது என்பதிலும் ஒரு முறை பாதை மாறினோம். முதலில் பேலோடு வகை. யு-பூட்டை ஓபன்எஸ்பிஐக்குள்ளேயே பொதிந்து ஒரே கோப்பாக்கிவிடலாம், ஆரம்பத்துக்கு வசதி. ஆனால் யு-பூட்டில் ஒரு வரி மாறினாலும் இரண்டையும் கட்ட வேண்டும். ஓபன்எஸ்பிஐ பிஎஸ்டி உரிமம், யு-பூட் ஜிபிஎல். இரண்டையும் தனித்தனியாக வைத்தால் மாணவருக்கும் எது எங்கே முடிகிறது என்று புரியும். அதனால் டைனமிக் வகைக்கு வந்தோம். அடுத்து எங்கே குதிக்க வேண்டும், எந்த மோடில் என்ற விவரத்தை எஸ்பிஎல் ஒரு சின்னக் கட்டமைப்பில் எழுதி ஏ2 வழியாகக் கொடுத்துவிடும். ஓபன்எஸ்பிஐ 80000000 என்ற ஹெக்ஸ் முகவரியில், யு-பூட் அதற்கு 2 எம்பி தள்ளி 80200000-இல். லேப்டாப்பிலேயே போர்டைப் போல நடிக்கும் மென்பொருளான கியூஇஎம்யூவின் விர்ட் மெஷினிலும் மெமரி அதே 80000000-இல்தான் தொடங்குகிறது. போர்டு வருவதற்கு முன்பே நாங்கள் இவ்வளவு எழுத முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் கியூஇஎம்யூ ரொம்ப நல்ல பிள்ளை. அதனிடம் கேஷ் கிடையாது, டிடிஆர் பயிற்சி (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்) கிடையாது. எங்கள் போர்டில் பத்து தடவை ரீபூட் செய்தால் ஒரு தடவை லினக்ஸில் மூன்று கோர்கள் மட்டுமே எழுந்தன. பவரைப் பிடுங்கி மாட்டினால் நான்கும் இருக்கும், ரீசெட் பட்டனை அழுத்தினால்தான் இந்தக் கூத்து. எஸ்பிஎல் புது நிரலை மெமரியில் நகலெடுத்த பிறகு ஃபென்ஸ்-ஐ கட்டளை கொடுத்துத் தன் இன்ஸ்ட்ரக்ஷன் கேஷைச் சுத்தம் செய்துகொண்டது. அந்தக் கட்டளை, ஓடுகிற ஹார்ட்டை மட்டும்தான் பாதிக்கும். தூங்கி எழும் மற்ற ஹார்ட்டுகளும் குதிப்பதற்கு முன் தங்கள் பங்குக்கு ஒரு ஃபென்ஸ்-ஐ போட வேண்டும். யு-பூட்டின் சொந்த நிரலில் அது ஒழுங்காகவே இருக்கிறது. நாங்கள்தான் ‘சுலபமாக’ ஒன்றை எழுதுகிறோம் என்று அதைத் தவறவிட்டிருந்தோம்.

இப்போது டிடிஆர். திறந்த மூல பூட் என்று சொல்பவர்கள் எல்லாருமே கொஞ்சம் குரலைத் தாழ்த்தும் இடம் இது. 2018-இல் சைஃபைவ் நிறுவனத்தின் ஹைஃபைவ் அன்லீஷ்டு வந்தபோது, மெமரியை எழுப்பும் நிரலின் மூலம் வெளியே இல்லை என்று கோர்பூட் என்ற திறந்த மூல பூட் திட்டத்தின் உலகத்தில் பெரிய சலசலப்பு எழுந்தது. பிறகு அந்த முதற்கட்ட பூட்லோடரின் மூலநிரலை அவர்கள் வெளியிட்டார்கள். திறந்து பார்த்தால் டிடிஆர் பகுதியில் பெரும்பாலும் எண்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரெஜிஸ்டர் மதிப்புகள் வரிசையாக நிற்கும். இந்த எண் ஏன் இப்படி என்று கேட்டால் பதில் அந்த டிடிஆர் கன்ட்ரோலரை வடிவமைத்தவர்களின் கருவிக்குள் இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுவும் திறந்ததுதான். மாற்ற முடிகிறது, திரும்பக் கட்ட முடிகிறது. புரிந்துகொள்ள முடிவதில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்கு அந்த வசதிகூட முதலில் இல்லை. சிப் விற்றவர்கள் கொடுத்தது ஒரு பைனரி. யாருக்கும் தரமாட்டோம் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஐந்து போர்டில் மூன்று எழுந்தன, இரண்டு பயிற்சிக் கட்டத்திலேயே நின்றன. எழுந்த மூன்றில் ஒன்று காலையில் ஓடும், மத்தியானம் ஓடாது. பயிற்சி என்றால், டேட்டா சிக்னலையும் அதற்குத் துணை போகும் ஸ்ட்ரோப் சிக்னலையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்து, எந்த இடைவெளியில் படித்தால் சரியாகப் படிக்க முடிகிறது என்று கன்ட்ரோலர் கண்டுபிடிப்பது. எங்கள் போர்டில் அந்த இடைவெளி ரொம்பக் குறுகலாக இருந்தது. காரணம் நாங்களேதான். கேட்ட மெமரி சிப் கடையில் கையிருப்பு இல்லை என்று அதே அளவுள்ள வேறொன்றை வாங்கிப் போட்டிருந்தோம். பைனரிக்குள் இருந்த டிரைவ் பலம் (சிக்னலை எவ்வளவு வலுவாகத் தள்ளுவது), டெர்மினேஷன் (ஒயர் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுப்பது) மதிப்புகள் எல்லாம் பழைய மெமரிக்கானவை.

பைனரியில் அந்த மதிப்புகளை மாற்ற வழியே இல்லை. ஆறு வாரம் மின்னஞ்சல் போய் வந்தது. கடைசியில் எங்களுக்குச் சாதகமாக வேலை செய்தது ‘திறந்த மூலம்’ என்ற வாதம் இல்லை. “மெமரியை மாற்றும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள், பரவாயில்லையா?” என்று கேட்டதுதான். மதிப்புகளைத் தனி அட்டவணையாகப் பிரித்து, அதை வெளியிட அனுமதியும் எழுத்தில் கொடுத்தார்கள். அட்டவணையை எழுதும் நிரலை நாங்கள் எழுதினோம். பயிற்சியை நடத்தும் ஒரு சின்னத் துண்டு இன்னும் பைனரிதான். அதைத் தனிக் கோப்பாக, தன் உரிமத்தோடு, எங்கள் மற்ற நிரலோடு கலக்காமல் வைத்திருக்கிறோம். போர்டின் கையேட்டு முதல் பக்கத்திலேயே, இந்தத் துண்டு மட்டும் மூடியது என்று போட்டுவிட்டோம். அதை எழுதினால் விற்காது என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் சண்டை போட்டார். எழுதாமல் விட்டு, முதல் வாரத்திலேயே ஒரு மாணவர் கண்டுபிடித்துக் கேட்டிருந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

டிடிஆர் விஷயத்தில் ஒரு உபயோகமான சமாச்சாரம். எஸ்பிஎல்லுக்குள்ளேயே சின்ன மெமரி சோதனை ஒன்றை வையுங்கள். எல்லா இடத்திலும் அந்தந்த இடத்தின் முகவரியையே எழுதி முடித்துவிட்டு, பிறகு முதலில் இருந்து திரும்பப் படித்தால் போதும், முகவரி ஒயர்களில் உள்ள கோளாறு உடனே காட்டிக்கொடுத்துவிடும். இதை ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் சக ஊழியர் வீட்டில் இருந்து கொண்டுவந்த ஹேர் டிரையரால் மெமரி சிப்பைச் சூடாக்கியபடி மறுபடி ஓட்டினோம். சூட்டில் பிழை எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் டிரைவ் பலத்தைத் தேர்ந்தெடுத்தோம். ஆயிரம் எண்களில் எங்களுக்கு அர்த்தம் தெரிந்து மாற்றியது நான்கே நான்கு.

அடுத்தது நான் அதிகம் திட்டு வாங்கிய பக். போர்டு ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று லினக்ஸின் மையமான கர்னல் விழும். எப்போது என்று சொல்ல முடியாது. பெரிய கோப்பை நகலெடுத்தால் சீக்கிரம் விழும். மெமரிதான், சந்தேகமே வேண்டாம் என்று மறுபடி ஹேர் டிரையரைத் தூக்கினோம். ஒரு வாரம் வீண். கர்னல் கடைசியாகக் கக்கியதில் காரண எண் 7 என்று இருந்தது. ரிஸ்க்-ஃபைவில் 7 என்றால் எழுதுவதற்கு அனுமதி இல்லாத இடத்தில் எழுதப் போயிருக்கிறது. மெமரி கெட்டிருந்தால் தப்பான டேட்டா வரும், இந்த எண் பொதுவாக வராது. அதை முதல் நாளே படித்திருக்க வேண்டும்.

ஓபன்எஸ்பிஐ, தான் இருக்கும் இடத்தைப் பிஎம்பி என்ற காவலால் பூட்டிவைக்கும். அந்த இடம் ஒதுக்கப்பட்டது என்று தன்னிடம் வந்த டிவைஸ் ட்ரீயில் எழுதி அடுத்தவருக்குக் கொடுக்கும். யு-பூட்டும் அந்தக் குறிப்பை லினக்ஸுக்கு எடுத்துச் செல்லும். நாங்களோ எஸ்டி கார்டில் இருந்து வேறொரு டிவைஸ் ட்ரீயை ஏற்றி, எங்கள் சொந்த ஸ்கிரிப்டால் கர்னலை நேரடியாகத் தொடங்கியிருந்தோம். குறிப்பு பழைய ட்ரீயோடு நின்றுவிட்டது. லினக்ஸ் அந்த இடத்தைக் காலி மனை என்று நினைத்து ஒரு நாள் குடியேறப் போனது. ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட்டுவிட்டு யு-பூட்டின் வழக்கமான முறைக்கே திரும்பினோம். அதில் இன்னொரு லாபமும் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் தொகுப்பில் ரிஸ்க்-ஃபைவ் 64-பிட்டுக்கு அதிகாரப்பூர்வ ஆதரவு வந்துவிட்டது. யு-பூட்டில் இருக்கும் இஎஃப்ஐ என்ற பொதுவான பூட் முறை வழியாக அதை நேரடியாகப் பூட் செய்ய முடிந்தது. எங்களுக்கென்று தனி ஓஎஸ் இமேஜ் பராமரிக்கும் வேலையே குறைந்தது.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு நாற்பது போர்டுகளை ஒரு கல்லூரிக்குக் கொடுத்தோம். மூன்றாவது வாரம் பதினொன்று திரும்பி வந்தன. எதிலும் ஹார்ட்வேர் கோளாறு இல்லை. நாங்கள் சொன்னபடியே மாணவர்கள் யு-பூட்டை மாற்றிக் கட்டி ஃபிளாஷில் எழுதியிருக்கிறார்கள். தப்பாக எழுதினால் போர்டு எழாது. எழுப்ப வழி உண்டு. பூட் சுவிட்சை யுஆர்ட் பக்கம் தள்ளினால் மாஸ்க் ரோம் சீரியலிலேயே நிரலை வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தச் சுவிட்சை நாங்கள் ஹீட் சிங்க்குக்கு அடியில் வைத்திருந்தோம். லேஅவுட்டில் அங்கேதான் இடம் இருந்தது. நாலு திருகு கழற்றி, தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, இடுக்கியால் தள்ள வேண்டும். போதாக்குறைக்கு, அச்சடித்த ஆன் குறி தலைகீழ். மூலநிரல் எல்லாம் திறந்துதான் கிடந்தது. போர்டு மட்டும் மூடியிருந்தது.

அடுத்த பதிப்பில் சுவிட்ச் விளிம்புக்கு வந்தது, நகத்தால் தள்ளலாம். ஃபிளாஷில் எஸ்பிஎல்லும் யு-பூட்டும் இரண்டிரண்டு பிரதிகள். ஒன்று எங்களுடையது, எழுதத் தடை போட்டது. மற்றது மாணவருடையது. மாணவரின் பிரதி யு-பூட் வரை போகாவிட்டால் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் போர்டை ரீசெட் செய்து எங்கள் பிரதிக்குத் திருப்பும். நிரலின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்ப்பதை விருப்பம் உள்ளவர்கள் தங்கள் சாவியோடு போட்டுக்கொள்ளலாம். அந்தச் சாவியை நிரந்தரமாகப் பூட்டிவிடும், சிப்பில் ஒரே ஒரு முறை எரிக்கும் ஃபியூஸை மட்டும் நாங்கள் தொடவில்லை. அதை எரித்துவிட்டால் போர்டு விலைக்கு வாங்கியவருடையதாக இருக்காது. இத்தனைக்குப் பிறகும் எழாவிட்டால் சீரியல். சீரியலில் கோப்பு அனுப்பும் பழைய முறை எக்ஸ்மோடம். அதில் வாங்கத் தயாராக இருக்கும் பக்கம் ‘சி’ என்ற எழுத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக் கேட்கும். எஸ்பிஎல் 150 கேபி, எக்ஸ்மோடமில் இருபது நொடிக்குள் போய்விடும். யு-பூட்டும் ஓபன்எஸ்பிஐயும் சேர்ந்த ஒரு எம்பி கோப்புக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும்.

போன மாதம் சாயங்காலம் ஆறரை மணிக்கு அதே கல்லூரி லேபில் இருந்து போன். இரண்டாம் ஆண்டு மாணவி. “சார், போர்டு முழிக்கவே மாட்டேங்குதுங்க. ரெண்டு காப்பியையும் அழிச்சிட்டேன்.”

“எங்க காப்பிக்கு எழுதத் தடை இருக்கேம்மா, எப்படி அழிஞ்சுது?”

“அதை எப்படி எடுக்கறதுன்னு கையேட்டுலயே இருந்துச்சுங்க சார்.”

இருந்தது. நான்தான் எழுதினேன். சுவிட்சை யுஆர்ட் பக்கம் தள்ளச் சொன்னேன். ரீசெட்டை அழுத்திவிட்டு டெர்மினலில் என்ன வருகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“சி வருதுங்க சார். சி, சி, சி-ன்னு வந்துட்டே இருக்குதுங்க.”